கைக்குழந்தைக்காரர்கள் முன்னால் வரலாம்

மண்ணடி, சென்னை
12-1-1986

அன்புள்ள நசீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மெட்ராஸ் வந்து சேர்ந்தேன். என் கால்கள் இன்னும் வரவில்லை, அவை ஏர்போர்ட் வரிசையிலேயே நிற்கின்றன. உன் கால் வீக்கம் வடிந்ததா? வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னேனே, வைத்தாயா?

சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்கு நாலு மணி நேரம். இறங்கிய இடத்திலிருந்து வாசலுக்கு வர மூன்றரை மணி நேரம். இதை யாரிடம் சொல்லி அழ? காரிமங்கலத்தில் குடைக் கடை வைத்திருந்தபோது ஈ ஓட்டினேன் என்று ஊரே சிரித்தது. அந்த ஈயை உட்கார்ந்துகொண்டாவது ஓட்டினேன். இங்கே முதலாளி டிக்கெட் தருவார், சாமான் தருவார், பறந்து போய்ப் பறந்து வந்து ஒப்படைக்க வேண்டும். அதனால்தான் எங்களுக்குக் குருவி என்று பெயர். எந்த ஊர்க் குருவி வரிசையில் நின்றது?

போகும்போது உடம்பைத் தடவிப் பார்க்கிற வரிசை. நீ கட்டிவிட்ட வெள்ளித் தாயத்து அந்தக் கதவுக்குள் நுழைந்ததும் கீ என்று கத்துகிறது. "என்னய்யா கையில?" "பொண்டாட்டி கட்டுனதுங்க." "கழட்டு." எண்பது தடவையாவது போய் வந்துவிட்டேன். அந்த ஆளுக்கு என் முகமும் தெரியும், என் தாயத்தும் தெரியும். இருந்தாலும் கழட்டச் சொல்கிறான்.

வரும்போது பாஸ்போர்ட் வரிசை, அப்புறம் கஸ்டம்ஸ் வரிசை. அங்கே பச்சை வழி என்று ஒன்று உண்டு, சொல்வதற்கு ஒன்றும் கொண்டுவராதவர்கள் நேரே போய்விடலாம். நான் அதில் கால் வைத்தால் ஒரு விரல் நீளும். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. அடிக்கடி போகிற ஆள், சீக்கிரம் விடுவார்கள் என்றுதானே நினைப்பாய்? தலைகீழ். "அடிக்கடி வர்றியே, ஓரமா நில்லு" என்கிறார்கள். எனக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். அவரும் மாதம் இரண்டு தடவை பறக்கிறவராம். அவருக்கு சலாம் வைத்துத் தனி வழியில் விட்டார்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. சீருடை போட்ட ஒருவர் திடீரென்று கத்துவார்: "கைக்குழந்தைக்காரங்க முன்னாடி வரலாம்!" அவர்கள் பத்தே நிமிடத்தில் வெளியே. தோளில் கிடக்கிற பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. பெட்டி மேல் தாளை வைத்து இந்தக் கடிதத்தில் பாதியை அங்கே நின்றபடிதான் எழுதினேன்.

ஆண் பிறந்தால் சலாவுதீன், பெண் பிறந்தால் ஷகிலா. பிரசவத்துக்கு வந்துவிடுவேன். நாற்பதாம் நாள் தண்ணீர் ஊற்றியதும் உன்னையும் பிள்ளையையும் டாக்ஸி வைத்து நம் வீட்டுக்குக் கூட்டிப் போவேன். பஸ்ஸில் இல்லை, டாக்ஸியில். கடையை மூடிய அன்று உன் அண்ணன் பத்துப் பேர் முன்னால், "பொண்டாட்டியக் காப்பாத்த வக்கில்லாதவன்" என்று சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

இப்படிக்கு
அ. சுபான்


பாப்பாரப்பட்டி
25-1-1986

மரியாதைக்குரிய உங்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கால் வரிசையில் நிற்கிறது, என் கால் வீங்கி நிற்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி நல்ல கால் இல்லை.

இங்கே எல்லோரும் நலம். ஏழாம் மாதம் என்னைக் கொண்டுவந்து விட்டுப் போனீர்களே, அதற்கப்புறம் அண்ணன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஜான் பீ அண்ணிக்கு இருமல், பாவம், அடுப்புப் புகை ஆகாது. அதனால் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பிரசவம் கஷ்டம் என்று அண்ணியும் சொல்கிறாள்.

தாயத்தைக் கழட்டித் தட்டில் போட்டாலும் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள். அது அவர்களுக்காகக் கட்டியதில்லை. வானத்தில் போகிற ஆளுக்கு நான் வேறு எதைக் கட்டிவிட?

பிப்ரவரி பதினைந்துக்கு மேல் எந்த நாளும் ஆகலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். மெட்ராஸ் பஸ் ஒரு ராத்திரிதானே. சிங்கப்பூருக்கு மாதம் இரண்டு தடவை போகிறவருக்கு தருமபுரி தூரமா? அம்மா இல்லாத வீட்டில் பிரசவம் என்றால் மனசு என்னவோ போல இருக்கிறது. டாக்ஸி எல்லாம் இருக்கட்டும், நீங்கள் வாருங்கள்.

உங்கள்
நசீம் பானு


பாப்பாரப்பட்டி
3-3-1986

ஷகிலாவின் அத்தாவுக்கு,

உங்களுக்கு இப்போது இந்தப் பெயர் வந்துவிட்டது. பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை காலை பெண் பிறந்தாள். நானும் பிள்ளையும் சுகம்.

தந்தி கொடுத்தோம். அன்றைக்கே அண்ணன் பஸ் ஸ்டாண்டில் போய் மூன்று பஸ் பார்த்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் போகவில்லை. பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல அத்தா இல்லாததால் அண்ணனே சொன்னார். அவருக்குக் குரல் பெரிது, பிள்ளை திடுக்கிட்டு அழுதாள். ஏழாம் நாள் முடி இறக்கி நீங்கள் எழுதிய பெயரையே வைத்தோம்.

யாரைப் போல இருக்கிறாள் என்று கேட்பீர்கள். அதை எழுதமாட்டேன். வந்து பாருங்கள்.

நசீம்


மண்ணடி, சென்னை
12-3-1986

அன்புள்ள நசீமுக்கும் என் மகள் ஷகிலாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை பால் குடிக்கிறாளா? நீ வயிறாரச் சாப்பிடுகிறாயா? பூண்டு போட்டுக் கொடுக்கச் சொல்.

என்னைத் திட்டு. பதினேழாம் தேதி காலை நான் மெட்ராஸில்தான் இறங்கினேன். சத்தியமாக அன்றைக்கே பஸ் ஏறும் எண்ணத்தில்தான் வந்தேன். பெட்டியில் உனக்கு ஒரு பூப்போட்ட போர்வை. கஸ்டம்ஸில் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பெட்டியைக் கவிழ்த்தார்கள், அடித்துணியைக் கிழித்துப் பார்த்தார்கள், திரும்ப நிற்கச் சொன்னார்கள். நீ வலியில் இருந்த நேரத்தில் நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். விட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சாமானில் பாதி போய்விட்டதால் முதலாளி மறுநாளே திரும்பப் பறக்கச் சொல்லிவிட்டார். தந்தி என் கைக்குக் கிடைத்தது பத்து நாள் கழித்து, லாட்ஜ் மேஜைக்கு அடியில்.

என் மகள் காதில் முதலில் கேட்ட குரல் என்னுடையது இல்லை. இந்த அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம், ஒருத்தனிடமும் சொல்லவில்லை.

நாற்பதுக்குக் கட்டாயம் வருகிறேன். மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. டாக்ஸியோடு வருகிறேன்.

சுபான்


பாப்பாரப்பட்டி
10-4-1986

ஷகிலாவின் அத்தாவுக்கு,

ஸலாம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், கடிதம் வராததை வைத்து.

நாற்பது நல்லபடியாக முடிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுப் புடவை கட்டி, பிள்ளைக்கு மையிட்டு, பெட்டியையும் கட்டி வாசல் பக்கம் வைத்தேன். அண்ணி பிரியாணி செய்தாள், அன்றைக்கு மட்டும் இருமல் இல்லை. தெருவில் கார் சத்தம் கேட்டதும் நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்த ஜீப். மாலையில் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷன் வந்து அழைக்காமல் பிள்ளையோடு படி இறங்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது. அண்ணன் மதிப்பாக வைத்திருக்கிறார், அவர் தலை குனியக் கூடாது. அதனால் இருக்கிறேன். காரிமங்கலம் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் சென்னம்மாளிடம்தான் இருக்கிறது. முருங்கை மரத்தில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, பறிக்கட்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தாள். பறித்துக்கொள்ளச் சொன்னேன்.

பிள்ளை சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள். ஃபேனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நசீம்


மண்ணடி, சென்னை
28-5-1986

அன்புள்ள நசீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நாளில் உன்னையும் பிள்ளையையும் நினைத்துத் துஆ கேட்கிறேன். பால் கொடுக்கிறவள் நீ, நோன்பு வைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நாற்பதுக்கு வராததற்குக் காரணம் எழுதி மூன்று தாள் கிழித்தேன். எல்லாமே வரிசைக் காரணம்தான், உனக்கே சலித்திருக்கும்.

ஒரு நல்ல செய்தி. ஒரு மாதமாக எனக்கு ஏர்போர்ட்டில் வரிசைத் தொல்லை இல்லை. வருகிறேன், போகிறேன், கால் மணி நேரத்தில் வெளியே. கோட்டுக்காரர்களே திரும்பிப் பார்க்கிறார்கள். முதலாளிக்கும் என் மேல் நல்ல அபிப்பிராயம். எப்படி என்று கேட்காதே, அது தொழில் ரகசியம். தாயத்தும் இப்போது கத்துவதில்லை. அது என் கையில் இல்லை, பத்திரமான இடத்தில் இருக்கிறது.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது அல்லவா? பால் குடித்ததும் படுக்கப் போடாதே. தோளில் போட்டு முதுகை மெல்லத் தட்டினால் ஏப்பம் விடும். இடது தோள்தான் நல்லது. நெஞ்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிவிடும். வலது தோளில் போட்டால் அழுகிறது. தூங்கியபின் உடனே இறக்கக் கூடாது, கை கால் துவண்டு தொங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது அதன் வாய் திறந்து, எச்சில் நம் காலரில் இறங்கும். அது ஒரு மாதிரி நல்ல வாசனை.

பெருநாளுக்கு வர முயற்சி செய்கிறேன்.

சுபான்


பாப்பாரப்பட்டி
17-6-1986

ஷகிலாவின் அத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் வந்தது, போனது. சேமியா பாயசத்தில் உங்கள் பங்கை ஷகிலா விரலால் நக்கினாள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். காலரில் எச்சில் இறங்கும் வாசனை எனக்குத் தெரியும், என் ரவிக்கையெல்லாம் அதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை பெற்றது நான், வைத்தியம் சொல்வது நீங்கள். எட்டு ஆம்பளைகள் படுக்கிற லாட்ஜில் யார் இதெல்லாம் சொல்லித் தருகிறார்கள்?

வலது தோளில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே அழுதாள். இடது பக்கம் மாற்றினேன், தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கால் மணியில் வெளியே வந்துவிடுகிறேன் என்கிறீர்கள். அப்படியானால் மிச்சமாகிற மூன்று மணி நேரம் எங்கே போகிறது? மாதம் இரண்டு தடவை, இரண்டு மூன்று ஆறு. ஒரு பஸ் பயணத்துக்குக் கிட்டத்தட்ட ஆகும்.

நசீம்


மண்ணடி, சென்னை
5-8-1986

அன்புள்ள நசீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீத் வருகிறது. நம் ஊர் வெங்கடாசலம் மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டராக வருகிறார் அல்லவா, அவரிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். உனக்குப் போர்வை, ஷகிலாவுக்கு ஒரு கவுன். என் பழைய சட்டை இரண்டும் இருக்கிறது, காலர் கிழிந்துவிட்டது, தைத்து வை.

இந்த வயசில் பிள்ளைக்கு ஈறு அரிக்கும். கையில் கிடைத்ததை எல்லாம் வாய்க்குள் கொண்டுபோகும், பாஸ்போர்ட்டைக்கூடத் தின்னும். மீசையைப் பிடித்தால் விடவே விடாது. பெல்ட்டில் பெட்டி வருவதைக் கண்கொட்டாமல் பார்க்கும்.

பொதுவாக எல்லாப் பிள்ளைகளையும் சொன்னேன்.

எனக்கு மீசை வலித்தாலும் சிரிப்பு வருகிறது, நசீம். வரிசையில் போகிறவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த நாலு வருடத்தில் ஏர்போர்ட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

சுபான்


பாப்பாரப்பட்டி
14-8-1986

திரு. அப்துல் சுபான் அவர்களுக்கு,

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பை வந்து சேர்ந்தது. கவுன் ஷகிலாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒரு விரல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இது வரைக்கும் பார்க்காத பிள்ளையின் அளவு உங்கள் கைக்கு எப்படித் தெரிந்தது?

பழைய சட்டையை அலசப் போட்டேன். தோள்பட்டையில் பால் கறை. இடது தோள். சட்டைப் பையில் கையை விட்டேன், ஒரு கம்பளி சாக்ஸ். ஒற்றை. என் நடுவிரல் நீளம்தான் இருக்கிறது.

அண்ணி பார்த்துவிட்டாள். "அங்கயும் ஒரு வூடு இருக்குது போல" என்று இருமாமல் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சாக்ஸை எதில் மறைப்பது?

ஒரே ஒரு கேள்வி. அது யார் பிள்ளை?

நசீம் பானு


பாப்பாரப்பட்டி
20-9-1986

திரு. அப்துல் சுபான் அவர்களுக்கு,

முப்பத்தேழு நாள் ஆகிறது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

சாக்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கால் குளிரும். விலாசம் எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

நசீம் பானு


மண்ணடி, சென்னை
8-10-1986

நசீமுக்கு,

ஸலாம் சொல்லக்கூட வாய் கூசுகிறது. நீயும் ஷகிலாவும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உடம்பு இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் பெயர் பச்சியப்பன். அரூர்ப் பக்கத்துத் தீர்த்தம்மாளின் மகன், கிட்டத்தட்ட நம் ஷகிலா வயசு. அவள் புருஷன் லாரியோடு போனவன், லாரி மட்டும் திரும்பி வந்தது. அவளும் எங்களைப் போலக் குருவி. என்னை பாய் அண்ணா என்பாள். என் மகள் மேல் ஆணை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் பக்கத்து சீட்டில் வந்தாள். இறங்கியதும், "பாய் அண்ணா, கொஞ்சம் புடிங்க, ஃபாரம் எழுதிட்டு வர்றேன்" என்று பிள்ளையை என் கையில் வைத்தாள். எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது. கண்ணாடிச் சாமான் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். சீருடைக்காரர் என்னைப் பார்த்து, "கைக்குழந்தைக்காரரே, ஏன் பின்னாடி நிக்கிறீங்க? முன்னாடி வாங்க" என்றார். 'ங்க' போட்டுப் பேசினார், நசீம். ஓரமாக நில் என்று சொல்கிற இடத்தில், வாங்க என்றார். என் பெட்டியை யாரும் தொடவில்லை. வெளியே வந்து பிள்ளையைக் கொடுத்தேன். முதலாளியிடம் விளையாட்டாகச் சொன்னேன். அடுத்த தடவை எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டாக டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நான் பிள்ளையோடு முன்னால் போவேன், அவள் தனியாகப் பின்னால் வருவாள்.

சாமானுக்காகத்தான் தூக்கினேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. விமானத்தில் அவள் கேட்பதற்கு முன்பே கையை நீட்ட ஆரம்பித்தேன். ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல். என் தாயத்தை அவிழ்த்து அதன் இடுப்பில் கட்டினேன். வரிசையில் ஒரு கிழவி, "அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றாள். நான் மறுக்கவில்லை. அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். லாட்ஜுக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நீ எழுதமாட்டேன் என்றாயே, ஷகிலா யாரைப் போல என்று, அது ஞாபகம் வந்தது. பெருநாளுக்கு வராததும் இதனால்தான். ஊரான் பிள்ளையை மகன் போலத் தூக்கிப் பழகிவிட்டு, என் மகள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? டாக்ஸி, கௌரவம் எல்லாம் சாக்கு.

செப்டம்பர் ஆறாம் தேதி. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, அது யார் பிள்ளை என்ற கேள்வியோடு. புது ஆபீசர், சின்ன வயசு. பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "யாருதுங்க?" என்றார். உன் கேள்வியேதான். "என்னுதுங்க" என்றேன். "பேரு?"

"ஷகிலா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வேறு பெயர் வாயில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பச்சியப்பன் ஈரம் பண்ணி, சுற்றியிருந்த துணி நழுவியது. ஆபீசர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்த ஊர்லய்யா பையனுக்கு ஷகிலான்னு பேர் வைக்கிறாங்க?" வரிசையே சிரித்தது. பிள்ளையும் சிரித்தது. அப்புறம் பாஸ்போர்ட்டை வாங்கினார்கள், பெட்டியை வாங்கினார்கள். ஓரமாக நின்றேன், எனக்குப் பழக்கமான இடம்தானே. தீர்த்தம்மாளைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். எனக்கு கேஸ், பாஸ்போர்ட் திரும்ப வராது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது லாட்ஜ் வராந்தாவில் படுக்கிறேன்.

நாலு வருடத்தில் அந்த ஏர்போர்ட்டில் நான் சொன்ன ஒரே உண்மை அந்தப் பெயர். அதுதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

டாக்ஸியும் இல்லை, நசீம். ஒன்றும் இல்லை. வரட்டுமா என்று கேட்கக்கூட உரிமை இல்லை. நீ எழுதினால் வருவேன்.

சுபான்


காரிமங்கலம்
19-10-1986

ஷகிலாவின் அத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மேலே எழுதியிருக்கிற ஊரைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். தப்பாக எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை அண்ணன் முன்னால்தான் பிரித்தேன். ஷகிலா என்ற இடம் வந்ததும் சிரித்தேன். சிரித்து, அழுது, திரும்பச் சிரித்தேன். அண்ணன் பயந்துவிட்டார். இரண்டு மாதமாக ஒரு பெண் முகத்தை மனசில் வரைந்து அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு வைத்த மூக்குத்தியைக்கூடச் சொல்ல முடியும். தீர்த்தம்மாளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். தாயத்து அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும். சாக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதாததை எழுதிவிட்டீர்கள், நானும் எழுதுகிறேன். அண்ணன் உங்களைத் திட்டாத நாள் இல்லை. அண்ணிக்கு இருமலே கிடையாது. பிரசவமாகி பதினைந்தாம் நாளே அடுப்படிக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிட்டேன். தானிய மூட்டைக்கு நடுவில் பாய் போட்டுப் பிள்ளையோடு படுத்தேன். நீங்கள் வந்து அழைப்பீர்கள் என்றுதான் ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். வந்து நின்றிருந்தால் போதும், கையில் ஒரு பூப்போட்ட போர்வைகூட வேண்டியதில்லை.

உங்கள் கடிதம் படித்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கினேன். "புருஷன் வந்து கூப்புடாம படி எறங்குன பொம்பள நம்ம வூட்டுல கெடையாது" என்று அண்ணன் வாசலை மறைத்தார். "அவரு வரிசையில நிக்கிறாருண்ணா. அவரு முறை வர்றதுக்குள்ள எம்பொண்ணு வயசுக்கே வந்துருவா. வழிய வுடுங்க" என்றேன். விட்டார்.

தருமபுரியில் பஸ் மாறினேன். கால் வைக்க இடமில்லை. கண்டக்டர், "கைப்பிள்ளக்காரம்மா வர்றாங்க, எடம் வுடுங்க" என்று சத்தம் போட்டார். மூன்று பேர் எழுந்தார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வாங்க என்று சொன்னதும் நீங்கள் ஏன் போனீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த பஸ்ஸில் இறங்கிவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்ளலாம்.

சென்னம்மாள் சாவி கொடுத்தாள். வீட்டுக்குள் ஒரே ஒட்டடை. கூட்டி, தண்ணீர் தெளித்து, அடுப்புப் பற்றவைத்தேன். தெருவில் நாலு பேர் என்னவோ பேசுகிறார்கள். பேசட்டும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்துவிட்டாள். நாலு பல் வந்துவிட்டது, தவழ்கிறாள், வாசற்படியைத் தாண்டப் பார்க்கிறாள். யாரைப் போல என்று இப்போதும் எழுதமாட்டேன்.

டாக்ஸி வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது பிள்ளை முகம் பார்க்கிற வயசு. தெரியாத ஆம்பளையைக் கண்டால் வாயைக் கோணி அழுகிறாள். நீங்கள் அவளுக்குத் தெரியாத ஆம்பளை. அதனால், அத்தா வந்துட்டேன் என்று பாய்ந்து வாரி எடுக்காதீர்கள். அரூர்க்காரி மகனை முதல் நாள் எப்படித் தூக்கினீர்களோ, ஊரான் பிள்ளையாயிற்றே என்று பயந்து பயந்து, அப்படித் தூக்குங்கள். இடது தோளில்.

நசீம்